கடன் வாங்கிக் கழித்தல்

பவதாரணியின் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டில்
பின்பக்கம் பதினெட்டுத் தாள் காலி.
அதில்தான் எழுதினேன்:
இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.
எழுதிவிட்டுப் பேனாவை மூடி
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்ல ஆசைதான்.
இல்லை.
காதுகுத்துக்கு நானூறு இலை போட்டோம்,
குகையில் மண்டபம், வாசலில் ஃப்ளெக்ஸ்,
அதில் என் முகத்தைவிட அகலமாய் என் சிரிப்பு.
பிறகு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்.
ஃப்ரிட்ஜ் தவணைக்குக் குழுக் கடன்,
குழுவுக்குக் கட்ட லீ பஜார் வட்டி,
வட்டிக்கு என் கழுத்து.

மஞ்சள் கயிற்றோடு வேலைக்குப் போன அன்று
பில்லிங்கில் பக்கத்து சீட் ரஹமத்து
"வேண்டுதலாக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
பொய்யுமில்லை.

முதலில் விற்றது ஃப்ரிட்ஜைத்தான்,
கொண்டலாம்பட்டி டீக்கடைக்கு, பாதி விலைக்கு.
இல்லாத ஃப்ரிட்ஜுக்குப்
பதினோரு மாதம் தவணை கட்டினோம்.
மோர் புளித்த நாளெல்லாம் சிரிப்பு வரும்.

சித்தேஸ்வரனுக்குப் பகலில் லேத் பட்டறை.
இரவு ஏழு முதல் பன்னிரண்டு வரை
அஸ்தம்பட்டி அடுக்குமாடிகளுக்குச்
சோற்றை முதுகில் சுமந்து ஏறினார்.
சட்டையில் பிரியாணி வாசம், தட்டில் ரசம்.
ஒருநாள் ஆர்டர் ரத்தாகிப் பொட்டலம் மிஞ்சியது.
பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து
மூன்று பேரும் பேசாமல் தின்றோம்.
மனசு மாறிய அந்த ஆள்
நல்லா இருக்கட்டும்.

எனக்குக் கொலுசு.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எடை போட்டுத் தருவார்கள்,
முத்து கோர்த்துக் கொடுத்தால் எடை போட்டு வாங்குவார்கள்.
விடியும்போது விரல்நுனி கறுத்திருக்கும்.
பவதாரணி ஒரு ஜோடியை எடுத்துக்
கணுக்காலில் வைத்துப் பார்த்தாள்.
கொக்கி மாட்டவில்லை.
அவளுடையதை விற்று நாலு மாதமாகியிருந்தது.
நான் முத்துக்களை எண்ணினேன்,
எண்ணியதையே மறுபடி எண்ணினேன்.

தட்டுவடை செட்டை மட்டும் நிறுத்தவில்லை.
சனிக்கிழமைக்கு ஒன்று, மூன்றாகப் பங்கு.
எல்லாத்தையும் நிறுத்தினா நாமளே நின்னுருவோம் என்றார்.
அந்த முப்பது ரூபாய்க்கு நேரே
'மூச்சு' என்று எழுதிவைத்தேன்.

கோரிமேட்டு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால்
ஏற்காட்டுப் பாதையில் வண்டி விளக்குகள்
வளைந்து வளைந்து ஏறும்.
இருபது கொண்டை ஊசி.
நாம இப்ப ஏழாவதில என்பார்.
பிறகு ஒன்பது. பிறகு பதினாலு.
ஆடி மாதம் லேத்தில் கை மாட்டி
இடது சுண்டுவிரல் நுனி போயிற்று.
பத்துக்கு இறங்கினோம்.
மாடிக்குப் போகாமல் கொஞ்சநாள்
துணியை உள்ளேயே காயப்போட்டேன்.

முப்பத்தோராம் மாதம், புதன்கிழமை,
மகுடீஸ்வரன் புரோநோட்டை எடுத்துக்
கையெழுத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.
"நாணயமான ஆளுங்க.
எப்ப வேணும்னாலும் வாங்கம்மா."
சரிங்க என்று சொல்லித் தொலைத்தேன்.
வெளியே பூண்டு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
எதையும் வாங்கவில்லை.

கொடி கழுத்துக்கு வந்து இரண்டு நாள் அரித்தது.
ஒன்றாம் தேதி
நாலாயிரத்து முந்நூறு ரூபாய் மேசையில் கிடந்தது,
தப்பான வீட்டுக்கு வந்த விருந்தாளி போல.
உட்காரச் சொல்லவும் தெரியவில்லை.

பழைய பேப்பருக்குப் போடும்முன்
நோட்டை முன்பக்கமிருந்து புரட்டினேன்.
டீச்சரின் சிவப்பு மை, சரி, சரி, மிக நன்று.
இரண்டிலிருந்து எட்டு போகாது,
பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு
என்று பாட்டாய்ச் சொல்லிக்கொண்டே போட்ட கணக்குகள்.
பக்கத்து வீட்டு எண்கள் எல்லாம்
குறுக்கே கோடு வாங்கி,
தலைக்கு மேல் சின்னதாய்
ஒன்று குறைந்து நிற்கின்றன.

எந்தக் கணக்கிலும்
யாரும் அதைத் திருப்பித் தரவில்லை.